சோலாரா, அணு உலையா... அரசுப் பணத்தை எங்கே போட்டால் லாபம்? வானூர் பம்புசெட்டில் இருந்து ஒரு கணக்கு

‘அணு உலைக்கு ஆயிரம் ஆயிரம் கோடியா கொட்டுறதுக்கு, அந்தக் காசுல ஊர் முழுக்க சோலார் போடலாமே?’ என்பது ஒரு தரப்பு. ‘ராத்திரியில சூரியன் எங்கே இருக்கு? ஃபேக்டரி எதுல ஓடும்?’ என்பது இன்னொரு தரப்பு. டிவி விவாதம், டீக்கடை, சட்டமன்றம் என எல்லா இடத்திலும் இந்த இரண்டு கேள்விகளும் மோதிக்கொண்டே இருக்கின்றன. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால், இரண்டு பக்கமும் பாதிக் கணக்கைத்தான் சொல்கின்றன.

மீதிக் கணக்கு என்ன? விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

விவாதம் இப்போது சூடாகக் காரணம் என்ன?

2025 பிப்ரவரி 1-ம் தேதி தாக்கலான மத்திய பட்ஜெட்டில், 2047-க்குள் 100 கிகாவாட் அணு மின்சாரம் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. சிறிய வகை அணு உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு ரூ.20,000 கோடி ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் ‘சாந்தி’ என்ற புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962-ம் ஆண்டு அணுசக்திச் சட்டம், 2010-ம் ஆண்டு அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் ஆகிய இரண்டுக்கும் பதிலாக வந்த சட்டம் இது. அதுவரை அரசு மட்டுமே நடத்திவந்த துறையில் தனியாருக்கும் கதவு திறந்தது.

இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில் இந்தியாவின் சோலார் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டியது. அணு மின் திறன் அப்போதும் 9 கிகாவாட்டுக்குக் கீழேதான். வீட்டு மாடிகளில் சோலார் போட மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்துக்கு மட்டும் ஒதுக்கீடு ரூ.75,021 கோடி.

இரண்டுமே மக்கள் வரிப்பணம், இல்லையென்றால் மக்கள் கட்டப்போகும் கரண்ட் பில். அதனால்தான் இது வெறும் விஞ்ஞான விவாதமாக நிற்பதில்லை.

வானூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. வானூரில் இருந்து நேர்கோட்டில் வடகிழக்கே சுமார் 75 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் யூனிட் 1984-லும், இரண்டாவது யூனிட் 1986-லும் உற்பத்தியைத் தொடங்கின. தலா 220 மெகாவாட். இதில் முதல் யூனிட் 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

மறுபக்கம், வானூர் வட்டத்துக்குள்ளேயே ஆரோவில் இருக்கிறது. சூரியசக்தி என்ற சொல் நம்ம ஊர்களில் புழங்குவதற்கு முன்பே அதைப் பயன்படுத்திப் பார்த்த இடம். அங்குள்ள சோலார் கிச்சன் கட்டடத்தின் மேல் இருக்கும் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம், வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கிச் சமையலுக்குக் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். வானூர், போர்வெல்லை நம்பி விவசாயம் நடக்கும் பகுதி. நெல், நிலக்கடலை, சவுக்கு, முந்திரி என எதை எடுத்தாலும் மோட்டார் ஓட வேண்டும். இங்குள்ள விவசாயியின் கேள்வி ‘எந்த மின்சாரம்?’ என்பதல்ல. ‘எப்போ வரும், எத்தனை மணி நேரம் நிக்கும்?’ என்பதுதான்.

ஒரு மெகாவாட் எல்லாமே ஒரே அளவா?

இல்லை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மெகாவாட் என்பது ஒரு நிலையம் அதிகபட்சமாக எவ்வளவு தர முடியும் என்ற அளவு. ஆண்டு முழுக்க எவ்வளவு தருகிறது என்பது வேறு.

தமிழ்நாட்டு வெயிலில் 1 மெகாவாட் சோலார், ஆண்டுக்கு ஏறக்குறைய 16 லட்சம் யூனிட் கொடுக்கும். ராத்திரி கிடையாது, ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். அதே 1 மெகாவாட் அணு உலை நன்றாக ஓடினால் ஆண்டுக்கு 70 லட்சம் யூனிட் வரை கொடுக்கும். அதாவது, 1,000 மெகாவாட் அணு உலைக்கு ஈடாக 4,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் வேண்டும்.

நாட்டு அளவில் பார்த்தாலும் இது தெரியும். 2024-25ல் அணு உலைகள் தந்தது சுமார் 5,670 கோடி யூனிட். சோலார் தந்தது சுமார் 14,400 கோடி யூனிட். திறனில் 10 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் உற்பத்தியில் இரண்டரை மடங்குதான். ‘சோலார் 100 கிகாவாட் ஆயிடுச்சு, அணுவை மூடலாம்’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, ரூபாய் கணக்கு?

கூடங்குளத்தில் கட்டப்பட்டுவரும் 5, 6-வது யூனிட்டுகளுக்கு அனுமதிக்கப்பட்ட செலவு ரூ.49,621 கோடி. இரண்டும் சேர்த்து 2,000 மெகாவாட். மெகாவாட்டுக்கு ஏறக்குறைய ரூ.25 கோடி. பெரிய சோலார் பூங்காவில் இன்று மெகாவாட்டுக்கு ரூ.4.5 கோடி அளவில் முடித்துவிடலாம். ‘பாருங்க, அஞ்சு மடங்கு!’ என்பார்கள்.

ஆனால், ஆண்டுக்குக் கிடைக்கும் யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். கூடங்குளம் 5, 6 சேர்ந்து ஆண்டுக்கு 1,400 கோடி யூனிட் தந்தால், ஆண்டுக்கு ஒரு யூனிட் உற்பத்தி செய்யும் வசதியை உருவாக்க ஆகும் முதலீடு சுமார் ரூ.35. சோலாருக்கு அதே கணக்கில் சுமார் ரூ.28. அஞ்சு மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விட்டது. சோலாரின் ஆயுள் 25 ஆண்டு, புதிய அணு உலையின் ஆயுள் 60 ஆண்டு என்பதையும் சேர்த்தால், முதலீட்டில் அணு மின்சாரம் ஒன்றும் நோஞ்சான் இல்லை.

அப்படியென்றால் ஏன் தயக்கம்? அடுத்த வரியில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த ரூ.35 எப்போது திரும்ப ஆரம்பிக்கும்?

பில்லில் வராத செலவு: தாமதம்

கூடங்குளம் 1, 2-வது யூனிட்டுகளை எடுத்துக்கொள்வோம். ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பரில். கட்டுமானம் தொடங்கியது 2002-ல். 2007 டிசம்பரில் ஓட வேண்டிய முதல் யூனிட், வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2014 டிசம்பர் 31 அன்று. ரூ.13,171 கோடி என்று தொடங்கிய திட்டம் ரூ.22,462 கோடியில் முடிந்தது. 70 சதவீதம் கூடுதல்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை கதை இன்னும் நீளம். 2003-ல் சுமார் ரூ.3,500 கோடிக்கு ஒப்புதல். 2010-ல் முடிய வேண்டியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணியைப் பிரதமர் மோடி பார்வையிட்டது 2024 மார்ச் 4 அன்று. இலக்கு ஆண்டைத் தாண்டி 14 ஆண்டுகள். இந்தியாவில் முதன்முறை செய்யும் தொழில்நுட்பம் என்பதால் நேரம் பிடிக்கும் என்ற விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் பணத்துக்கு அந்த விளக்கம் புரியாது. ரூ.1,000 கோடியை 8 சதவீத வட்டிக்கு வாங்கி 7 வருஷம் சும்மா கிடந்தால், அது சுமார் ரூ.1,700 கோடி கடனாக நிற்கும்.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2016-ல் 1,800 கோடி பவுண்டு என்று ஒப்புதல் பெற்ற பிரிட்டனின் ஹிங்க்லி பாயின்ட் சி திட்டத்தின் செலவு, 2015 விலையிலேயே 3,100 முதல் 3,500 கோடி பவுண்டு ஆகும் என 2024-ல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் நுஸ்கேல் நிறுவனத்தின் சிறிய அணு உலைத் திட்டம், செலவு ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. அதே சமயம் ஐக்கிய அரபு அமீரகம், பராக்காவில் நான்கு உலைகளை 2012-ல் தொடங்கி 2024-க்குள் ஓட்டிக் காட்டியது. ஒரே டிசைனை வரிசையாகக் கட்டினால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

சோலாரில் வேகத்துக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையத்தை அதானி குழுமம் 8 மாதத்தில் கட்டி, 2016-ல் திறந்தது.

சோலாரிலும் அரசு ஏமாறுமா?

ஏமாறும். கமுதி கட்டப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் சோலார் மின்சாரத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கொள்முதல் விலை யூனிட்டுக்கு ரூ.7.01. ஒப்பந்தங்கள் 25 ஆண்டுக்கு. ஆனால் 2017-ல் தமிழக மின்வாரியம் நடத்திய டெண்டரில் விலை ரூ.3.47-க்கு வந்தது. ராஜஸ்தானின் பட்லாவில் அதே ஆண்டு ரூ.2.44. விலை சரிந்துகொண்டிருக்கும் பொருளை நீண்டகால நிலையான விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம். அந்த வித்தியாசத்தைக் கட்டப்போவது மின்வாரியம், அதாவது நாம்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. அணு உலையில் அரசுப் பணம் என்றால், அரசே கட்டி, அரசே சொந்தம் கொண்டாடுவது. லாபம் வந்தாலும் அரசுக்குத்தான். சோலாரில் அரசுப் பணம் பெரும்பாலும் மானியமாக, மின்பாதையாக, ‘25 வருஷம் வாங்கிக்கிறோம்’ என்ற உத்தரவாதமாகப் போகிறது. சொத்து தனியாரிடம் இருக்கிறது. இரண்டையும் ‘பொது முதலீடு’ என்ற ஒரே பெயரில் ஒப்பிடும்போது இது மறைந்துவிடுகிறது.

மாலை 6 மணிக்கு மேல் என்ன செய்வது?

சோலாரின் நிஜமான பலவீனம் இதுதான். தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2-ம் தேதி 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. மாநிலத்தின் சோலார் திறன் 2025-ல் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பகல் 12 மணிக்குத் தாராளம். ஆனால் சாயங்காலம் விளக்கு, ஃபேன், ஏசி, டிவி எல்லாம் ஒன்றாக ஓடும்போது சோலார் பூஜ்ஜியம். அந்த நேரத்துக்கு வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கினால் விலை எகிறும்.

வழி இல்லாமல் இல்லை. பகலில் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம் கோவை மாவட்டம் காடம்பாறையில் 1987 முதலே இருக்கிறது; 400 மெகாவாட். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் கட்டப்படுகிறது. பேட்டரி விலையும் சரிந்துவிட்டது. 2022-ல் மத்திய அரசின் சூரியசக்திக் கழக டெண்டரில் மெகாவாட்டுக்கு மாதம் ரூ.10.84 லட்சமாக இருந்த பேட்டரி வாடகை, 2025 டெண்டர்களில் ரூ.2 லட்சத்தை ஒட்டி வந்தது.

இரண்டு மணி, நான்கு மணி நேரத்துக்கு இது போதும். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால்? அங்கேதான் கூடங்குளம் போன்ற நிலையங்களுக்கு மதிப்பு. அந்த நேரத்தில் அணு உலை இல்லாவிட்டால், இடத்தை நிரப்பப்போவது நிலக்கரி. ஜெர்மனி 2023 ஏப்ரல் 15-ல் கடைசி மூன்று அணு உலைகளை மூடியபோது, அங்கே எழுந்த பெரிய விமர்சனமும் இதுதான்: நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை ஏன் முதலில் மூட வேண்டும்?

கழிவு, கடல், நிலம்: ரூபாயில் அடங்காதவை

இடிந்தகரை மக்கள் 2011-ல் தொடங்கிய போராட்டத்தில், ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பாய்ந்தன. 2013 மே 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் உலையை இயக்க அனுமதித்தது. ஆனால் பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பது என்ற கேள்வி முடியவில்லை. அதை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என 2022-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உலையின் ஆயுள் முடிந்தபின் அதைப் பிரித்து அகற்றும் செலவுக்காக யூனிட்டுக்கு 2 பைசா எடுத்து வைக்கப்படுகிறது. அது போதுமா என்பது நம் பிள்ளைகள் காலத்தில்தான் தெரியும்.

விபத்து இழப்பீட்டிலும் மாற்றம். 2010 சட்டத்தில், பழுதான கருவியைக் கொடுத்த கம்பெனியிடம் இழப்பீட்டைத் திரும்பக் கேட்க உலையை நடத்தும் நிறுவனத்துக்கு உரிமை இருந்தது. புதிய சட்டத்தில் அந்த உரிமை சுருக்கப்பட்டது. இழப்பீட்டு உச்சவரம்புக்கு மேல் போனால் சுமை அரசு மீது. இதுவும் பொதுப் பணம்தான், பட்ஜெட்டில் எழுதாத பணம்.

சோலாருக்கும் விலை உண்டு. மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, பனங்காடு, ஏரி ஓரம் என ‘சும்மா கிடக்குற இடம்’ என்று அதிகாரிகள் குறிக்கும் நிலத்தில்தான் ஆடு, மாடு வைத்திருப்பவர்களின் பிழைப்பு இருக்கிறது. வானூர், மரக்காணம் பக்கம் பரந்து கிடக்கும் கழுவேலி ஈரநிலம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பகுதியில் பெரிய சோலார் பூங்கா என்று யாராவது வந்தால், முதலில் கேட்க வேண்டியது ‘எந்த சர்வே நம்பரில்?’ என்பதுதான்.

வானூர் பம்புசெட்டுக்கு எது பொருந்தும்?

இப்போது கணக்கை வயலுக்குக் கொண்டுவருவோம். 5 எச்பி மோட்டார் 6 மணி நேரம் ஓடினால் சுமார் 22 யூனிட். 1 மெகாவாட் சோலார் ஒரு நாளைக்கு சுமார் 4,500 யூனிட் கொடுக்கும். அதாவது, 4 முதல் 5 ஏக்கரில், ரூ.4.5 கோடி முதலீட்டில், ஏறக்குறைய 200 மோட்டார்கள் பகல் முழுக்க ஓடும். ஒரு ஊராட்சிக்குத் தாராளம். கூடங்குளத்தில் இருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கம்பியில் வந்து, வழியில் கொஞ்சம் இழந்து சேரும் மின்சாரம் இதற்குத் தேவையில்லை. தண்ணீர் இறைக்கும் வேலையை வெயில் நேரத்துக்கு மாற்றிவிட முடியும் என்பதால், சோலாரின் பலவீனமும் இங்கே தொல்லை தராது. மோட்டார் போட ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதும் இல்லை.

2019-ல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. விவசாய ஃபீடருக்கென்று தனி சோலார் நிலையம் அமைத்தால், மெகாவாட்டுக்கு ரூ.1.05 கோடி வரை மத்திய அரசின் உதவி என்பது அதன் விதி. தனித்தனி சோலார் பம்புசெட்டுக்குத் தமிழ்நாட்டில் 60 சதவீத மானியமும், பட்டியலின சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் தரப்படுகின்றன.

அரசுக்கு இதில் நேரடி லாபம் உண்டு. 1990 முதல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். 23 லட்சம் இணைப்புகளுக்கு மேல். அந்தத் தொகையை அரசு ஆண்டுதோறும் மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது. பகல் சோலாரில் மோட்டார் ஓடினால், அந்த மானியச் சுமை குறையும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வானூர் மணற்கல் படுகையில்தான் இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. பகல் முழுக்க மோட்டார் ஓடுகிறதே என்று அளவில்லாமல் இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இறைக்காமல் மிச்சம் பிடிக்கும் மின்சாரத்துக்கு விவசாயிக்குக் காசு கொடுக்கும் ஏற்பாடு இருந்தால்தான் இந்தத் திட்டம் தண்ணீரைக் காப்பாற்றும்.

வீட்டு மாடி சோலார் லாபமா?

பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். 1 கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆனால் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் பில் வரும் வீட்டுக்குப் போட்ட காசு திரும்ப ரொம்ப நாள் ஆகும். 2 மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீடு, கடை என்றால் லாபம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் ஈபி லைன் போனால், கிரிட்டுடன் இணைந்த சாதாரண மாடி சோலாரும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. ‘கரண்ட் போனாலும் நம்ம வீட்டுல எரியும்’ என்று நினைத்துப் போடுபவர்கள், பேட்டரி உள்ள செட்டப் வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

அப்போ, பணத்தை எங்கே போடுவது?

பாதி கட்டி முடித்த கூடங்குளம் 3 முதல் 6 வரையிலான யூனிட்டுகளை நிறுத்துவதில் அர்த்தம் இல்லை. போட்ட பணம் போட்டதுதான். 4,000 மெகாவாட் ராத்திரி மின்சாரம் வரட்டும். கழிவுக்கு எழுத்துப்பூர்வமான பதிலோடு வரட்டும்.

ஆனால் புதிதாகச் செலவழிக்கப்போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கேள்வி வேறு. கடனில் தவிக்கும் மின்வாரியத்தால் 10 வருஷம் காத்திருக்க முடியாது. அடுத்த 10 ஆண்டுக்கு மாநிலத்தின் பணம் போக வேண்டிய வரிசை: விவசாய ஃபீடர் சோலார், பேட்டரி, நீரேற்று நிலையம், மின்பாதை. சிறிய அணு உலைகள் நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றாவது இந்தியாவில் சொன்ன விலையில் ஓடிக் காட்டும் வரை, அந்த ரிஸ்க்கை ஆராய்ச்சி பட்ஜெட் சுமக்கட்டும். கரண்ட் பில் சுமக்கக் கூடாது.

அடுத்த முறை யாராவது ‘இத்தனை மெகாவாட், இத்தனை கோடி’ என்று அறிவித்தால், மூன்று கேள்வி கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை யூனிட்? எந்த நேரத்துல வரும்? லேட் ஆனா யார் கட்டுறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டம், சோலாராக இருந்தாலும் சரி, அணு உலையாக இருந்தாலும் சரி, கடைசியில் அதன் பில் நம் வீட்டுக்குத்தான் வரும்.